கல்லீரல் கட்டி: மாத்திரையா, ஊசியா, புரோட்டீன் பவுடரா?

"அப்பாவுக்குக் கல்லீரல்ல கட்டி. ஆபரேஷன் பண்ண முடியாதுன்னுட்டாங்க. ஒரு டாக்டர் மாத்திரை போதும்ங்கிறார். இன்னொருத்தர் மூணு வாரத்துக்கு ஒருக்க ஊசி போடணும்ங்கிறார். மச்சான் பெங்களூர்ல இருந்து புரோட்டீன் டப்பா ரெண்டு வாங்கிட்டு வந்துட்டார். எதைண்ணே செய்ய?"

மதுரை பெரியாஸ்பத்திரிப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். உசிலம்பட்டி, மேலூர், சிவகங்கை என்று எங்கிருந்து வந்தாலும் கேள்வி ஏறக்குறைய இதுதான். கவுண்டரில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, அதனால் எழுதிவிடுகிறேன். நான் மருந்தாளுநர், புற்றுநோய் மருத்துவர் இல்லை. எந்த மருந்து என்று முடிவு செய்வது அவர் வேலை. அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியும்.

ஆரம்பத்திலேயே இரண்டு விஷயம். அறுவை சிகிச்சை, கட்டியைச் சூட்டால் பொசுக்குவது, கட்டிக்குப் போகும் ரத்தக்குழாய் வழியாக மருந்து செலுத்தி அடைப்பது, மாற்றுக் கல்லீரல் ஆகியவற்றுக்கு வழி இருந்தால் பேச்சு அங்கேதான் தொடங்க வேண்டும். இங்கே சொல்வதெல்லாம் அந்தக் கட்டத்தைத் தாண்டியவர்களுக்கு. அடுத்தது, இது கல்லீரலிலேயே தொடங்கும் ஹெப்படோசெல்லுலர் கார்சினோமா பற்றியது. குடலிலிருந்தோ மார்பிலிருந்தோ கல்லீரலுக்குப் பரவிய புற்றுநோய் என்றால் மருந்துகளே வேறு. ரிப்போர்ட்டை எடுத்து எதுவென்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

எதை வைத்து எடை போடுவது

எல்லோரும் முதலில் கேட்பது "எந்த மருந்து பவர்?" என்றுதான். அது நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வர வேண்டிய கேள்வி. முதலில் பார்க்க வேண்டியது, கல்லீரலில் எவ்வளவு தெம்பு மிச்சம் இருக்கிறது என்பது. இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் ஏற்கெனவே தழும்பேறிச் சுருங்கிய கல்லீரலில்தான் வருகிறது. ஹெப்படைடிஸ் பி அல்லது சி வைரஸ், குடி, கொழுப்புக் கல்லீரல், சர்க்கரை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஒரே உறுப்பில் இரண்டு நோய். கட்டியை அடக்கப் போய் மிச்சக் கல்லீரலும் படுத்துவிட்டால் என்ன பயன்?

அந்தத் தெம்பை அளக்க சைல்டு-பியூ என்ற மதிப்பெண் இருக்கிறது. பிலிருபின், அல்புமின், ரத்தம் உறையும் நேரம், வயிற்றில் நீர், புத்தித் தடுமாற்றம் ஆகிய ஐந்தையும் பார்த்துப் போடுவார்கள். 5, 6 வந்தால் 'ஏ'. 7 முதல் 9 வரை 'பி'. 10-உம் அதற்கு மேலும் 'சி'. கீழே வரும் மருந்துகளின் பெரிய ஆய்வுகள் எல்லாமே அநேகமாக 'ஏ' பிரிவு ஆட்களிடம் நடந்தவை. டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "அப்பா ஏ-வா, பி-யா?"

அடுத்தது, உணவுக்குழாயில் ரத்தநாளங்கள் புடைத்திருக்கின்றனவா என்பது. இது எண்டோஸ்கோபியில்தான் தெரியும். பிறகு, முடக்குவாதம் மாதிரி உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய் உண்டா, மாற்று உறுப்பு பொருத்தியவரா என்பது. அதற்கப்புறம் காசு, காப்பீடு. கடைசியாக, ஒருவரும் கணக்கில் எடுக்காத ஒன்று: கூட வரப்போவது யார், அவருடைய கூலி என்ன ஆகும்?

மாத்திரை: சோரஃபெனிப், லென்வாட்டினிப்

பெரியாற்றுத் தண்ணீருக்குக் கால்வாய் வெட்டிக்கொள்கிற மாதிரி, கட்டி தனக்கென்று புது ரத்தக்குழாய்களை இழுத்துக்கொள்கிறது. அதற்கு உத்தரவு கொடுப்பவை சில புரதங்கள். அந்த உத்தரவை வாங்கிச் செல்லுக்குள் கொண்டுபோவதும் புரதங்கள்தான். மாத்திரை புரதம் இல்லை, சின்ன ரசாயன மூலக்கூறு. உத்தரவைக் கொண்டுபோகிற அந்த இடத்தில் உட்கார்ந்து அடைத்துவிடும்.

சோரஃபெனிப்பின் பெரிய ஆய்வு 2008-இல் வந்தது. கல்லீரல் புற்றுநோயில் ஆயுளைக் கூட்டுகிறது என்று பெரிய ஆய்வில் நிரூபித்த முதல் மருந்து அது. நம் நாட்டில் அதற்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. பேயர் கம்பெனியின் மருந்து அப்போது மாதத்துக்கு 2.8 லட்ச ரூபாய்க்கு மேல். 2012 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் ஹைதராபாத் நாட்கோவுக்குக் கட்டாய உரிமம் கொடுத்து, மாதத்துக்கு 8,880 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்றது. இந்தியாவில் அப்படிக் கொடுக்கப்பட்ட முதல் உரிமம் அதுதான். இன்று பல கம்பெனிகள் போடுகின்றன. லென்வாட்டினிப்பிலும் இந்தியத் தயாரிப்புகள் உண்டு. ஒரே மருந்துக்குக் கம்பெனிக்குக் கம்பெனி விலை ரொம்ப மாறும். மருந்தின் பொதுப் பெயரைச் சொல்லி நாலு கடையில் விசாரித்துவிட்டு வாங்குங்கள், என் கடை உட்பட.

வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்பது இதன் பெரிய வசதி. போடியிலோ ராமநாதபுரத்திலோ இருப்பவர் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பஸ் ஏற வேண்டாம். ஆனால் மறைந்திருக்கும் செலவு கையிலும் காலிலும் வரும். வாடிப்பட்டிப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் கால் ஆணிக்குப் பிளாஸ்திரி கேட்டு வந்தார். செருப்பைக் கழற்றச் சொன்னேன். குதிகாலிலும் பெருவிரலுக்கு அடியிலும் மஞ்சளாகத் தடித்து, ஓரமெல்லாம் சிவந்திருந்தது. உள்ளங்கையிலும் அப்படியே. சோரஃபெனிப் ஆரம்பித்து மூன்றாவது வாரமாம். அது ஆணி இல்லை, மருந்து செய்கிற வேலை. யூரியா கலந்த கிரீம், மெத்தென்ற செருப்பு, டாக்டர் சொன்னால் கொஞ்ச நாள் அளவைக் குறைப்பது என்று சமாளிக்கலாம். பிளாஸ்திரி ஒட்டி உரித்தால் புண்தான். கரண்டி பிடிக்கிற, வெறுங்காலில் வயலில் இறங்குகிற ஆட்களுக்கு இது வருமானத்தில் நேராக அடிக்கும்.

லென்வாட்டினிப்பில் இந்தத் தொந்தரவு குறைவு. நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வில் சோரஃபெனிப் எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு வந்தது, லென்வாட்டினிப்பில் கால்வாசிப் பேருக்கு. பதிலுக்கு பிரஷர் ஏறும். வாரம் ஒருமுறையாவது பிரஷர் பார்க்க வீட்டில் ஒரு கருவியோ, பக்கத்தில் ஒரு செவிலியரோ வேண்டும். சிறுநீரில் புரதம், தைராய்டு இரண்டையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். எடை 60 கிலோவோ அதற்கு மேலோ என்றால் தினம் 12 மில்லிகிராம், குறைவு என்றால் 8. எடை இறங்கிக்கொண்டே போகிற ஆளுக்கு டாக்டர் ஒவ்வொரு முறையும் எடை பார்ப்பது சும்மா இல்லை.

சோரஃபெனிப்பைக் கொழுப்பான சாப்பாட்டோடு போட்டால் உடலில் ஏறுவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். கறிவிருந்துக்குப் போனால் மாத்திரை நேரத்தை விருந்திலிருந்து தள்ளி வையுங்கள்.

இரட்டை ஊசி: அட்டிசோலிசுமாப், பெவாசிசுமாப்

இவை நிஜமாகவே புரதங்கள். ஆன்டிபாடி என்பது நம் ரத்தத்திலேயே இருக்கும் புரத வகை, அதை ஆலையில் செய்து தருகிறார்கள். பெவாசிசுமாப் அந்தப் புது ரத்தக்குழாய் உத்தரவையே பிடித்துக்கொள்கிறது. அட்டிசோலிசுமாப் வேறு வழியில் போகிறது. எதிர்ப்புச் சக்திச் செல்கள் பக்கத்தில் வராதபடி கட்டி தன் மேல் ஒரு புரதத்தைப் போர்த்தி வைத்திருக்கும். அந்தப் போர்வையை இது மூடி மறைக்க, உடம்பே கட்டியோடு சண்டைக்குப் போகும்.

புரதம் என்பதால் வாயால் எடுக்க முடியாது, வயிறு அதைச் செரித்துவிடும். வெயிலும் ஆகாது. 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும், உறையவும் கூடாது. "வெளியில் வாங்கி வந்து கொடுங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுக்கும்போது, தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் பேக் வைத்துக் கொடுப்போம். அதை வாங்கிக்கொண்டு மாட்டுத்தாவணியில் சித்தப்பா வருகிற வரை வெயிலில் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மருந்தை நேரே வார்டுக்குக் கொண்டுபோங்கள், அப்புறம் சாப்பிடப் போகலாம்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை, இரண்டும் ஒரே நாளில், டிரிப்ஸ் வழியாக ஏறும். முதல் தடவை அரை நாள் போய்விடும், போகப் போக நேரம் குறையும். பெவாசிசுமாப் அளவு எடையைப் பொறுத்தது: கிலோவுக்கு 15 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 900, அதாவது 400 குப்பி இரண்டு, 100 குப்பி ஒன்று. இதில் இந்தியக் கம்பெனிகளின் தயாரிப்புகள் நிறைய வந்துவிட்டதால் விலை இறங்கியிருக்கிறது. காசைத் தின்பது அட்டிசோலிசுமாப்தான், செலவை லட்சங்களில் பேச வேண்டியிருக்கும். கம்பெனிகளே நடத்தும் நோயாளி உதவித் திட்டங்கள் உண்டு. முதல் ஊசிக்கு முன்பே அதில் சேர முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள், நடுவில் நினைவு வந்து பிரயோசனம் இல்லை.

இந்த ஜோடியின் பலவீனம் ரத்தக்கசிவு. பெவாசிசுமாப் ரத்தக்குழாய்களோடு விளையாடும் மருந்து, சுருங்கிய கல்லீரல்காரருக்கோ உணவுக்குழாய் நாளங்கள் ஏற்கெனவே புடைத்திருக்கும். அதனால்தான் ஆய்வில் சேர்ந்த எல்லோருக்கும் ஆறு மாதத்துக்குள் எடுத்த எண்டோஸ்கோபியைக் கட்டாயமாக்கினார்கள். புடைப்பு இருந்தால் முதலில் வளையம் போட்டுக் கட்டுவார்கள், அல்லது அதற்கான மாத்திரை கொடுத்துவிட்டுத் தொடங்குவார்கள். எண்டோஸ்கோபி பேச்சே எடுக்காமல் தேதி குறித்தால், நீங்களாவது கேட்டுவிடுங்கள். வலிக்கு டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரையைக் கடையில் வாங்கிப் போடவே கூடாது.

இன்னொரு இரட்டை: டுர்வாலுமாப், ட்ரெமெலிமுமாப்

இதுவும் ஆன்டிபாடி, ஆனால் ரத்தக்குழாயைத் தொடாது. இரண்டுமே எதிர்ப்புச் சக்தியின் பிரேக்கை விடுவிப்பவை. ட்ரெமெலிமுமாப் ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை, அதன் பிறகு நாலு வாரத்துக்கு ஒருமுறை டுர்வாலுமாப் மட்டும். புடைத்த நாளத்தால் பெவாசிசுமாப் முடியாது என்றவர்களுக்கு இது நல்ல மாற்று. டுர்வாலுமாப்புக்கு 2024 பட்ஜெட்டில் சுங்க வரியை நீக்கினார்கள், இருந்தும் விலை எளியவர் கைக்கு எட்டுவதாக இல்லை.

பிரேக் விடுவித்த எதிர்ப்புச் சக்தி கட்டியை மட்டும் தாக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. குடல், தோல், தைராய்டு, நுரையீரல், ஏன் கல்லீரலையே தாக்கலாம். ஆய்வில் ஐந்தில் ஒருவருக்கு இதனால் அதிக அளவு ஸ்டீராய்டு கொடுக்க வேண்டியிருந்தது. அட்டிசோலிசுமாப்பிலும் இந்த அபாயம் உண்டு. ஊசி நிறுத்திச் சில மாதம் கழித்துக்கூட வரலாம்.

கடைக்காரனாக நான் பயப்படுவது இதற்குத்தான். "அண்ணே, பேதி நிக்க ஒரு மாத்திரை குடுங்க" என்று மகன் வருவார். யாருக்கு என்று கேட்காமல் கொடுத்தால், குடல் அழற்சியை மூடி மறைத்த கதையாகிவிடும். இந்த ஊசி போடுகிறவருக்குப் பேதியோ, மூச்சு வாங்கலோ, கண் மஞ்சளோ வந்தால் கடைக்கு வராதீர்கள். ஊசி போட்ட ஆஸ்பத்திரிக்குப் போன் போடுங்கள். அந்த ஆஸ்பத்திரியில் ராத்திரி போனை எடுக்க ஆள் உண்டா என்பதையும் முடிவுக்கு முன் விசாரியுங்கள். ஊரிலிருந்து இரண்டரை மணி நேரப் பஸ் பயணம் என்றால் இதுவும் மருந்தின் ஒரு பக்கவிளைவு மாதிரிதான்.

எண்களைப் படிக்கும்போது

| சிகிச்சை | ஆய்வு | பாதிப் பேர் தாண்டிய காலம் | ஒப்பிட்டது எதனோடு |
|---|---|---|---|
| சோரஃபெனிப் | ஷார்ப், 2008 | 10.7 மாதம் | வெற்று மாத்திரை, 7.9 |
| லென்வாட்டினிப் | ரிஃப்ளெக்ட், 2018 | 13.6 மாதம் | சோரஃபெனிப், 12.3 |
| அட்டிசோலிசுமாப் + பெவாசிசுமாப் | ஐஎம்பிரேவ்150, 2020 (பின்னால் வந்த கணக்கு) | 19.2 மாதம் | சோரஃபெனிப், 13.4 |
| டுர்வாலுமாப் + ட்ரெமெலிமுமாப் | ஹிமாலயா, 2022 | 16.4 மாதம் | சோரஃபெனிப், 13.8 |

19.2 பெரிசு, 16.4 சின்னது, ஆகவே முதல் ஜோடிதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பட்டியலின் வலக்கோடியில் இருக்கும் எண்களைப் பாருங்கள். அதே சோரஃபெனிப்புக்கு ஒரு ஆய்வில் 12.3, இன்னொன்றில் 13.8. 2008-இல் அதுவே 10.7. மருந்து மாறவில்லை. சேர்ந்த ஆட்கள் வேறு, காலம் வேறு, பின்னால் கிடைத்த சிகிச்சைகள் வேறு. ஒரு வரிசைக்குள் ஒப்பிடலாம், வரிசை விட்டு வரிசை தாவி ஒப்பிட்டால் தப்புக்கணக்கு வரும்.

இன்னொரு விஷயம், எல்லோருக்கும் கிடைக்கும் சராசரியை விட ஊசிகளில் கவனிக்க வேண்டியது நீண்ட வால், அதாவது வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும் சிலர். ஹிமாலயாவில் ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 19.6 சதவீதம், சோரஃபெனிப் பக்கம் 9.4. அந்த ஐந்தில் ஒருவர் யார் என்று முன்கூட்டியே சொல்லும் சோதனை இல்லை. வீட்டையோ நிலத்தையோ விற்கும் முன் இந்த இரண்டு வாக்கியத்தையும் சேர்த்தே யோசியுங்கள்.

டப்பாப் புரதமும் சட்டியில் வேகும் புரதமும்

மச்சான் வாங்கி வந்த டப்பா கட்டியை நிறுத்தாது. ஊசியில் வரும் புரதத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் சாப்பாட்டுப் புரதத்தை அலட்சியம் செய்தால் மேலே சொன்ன எந்த மருந்தையும் உடம்பு தாங்காது. இதில்தான் நம் ஊரில் பெரிய தப்பு நடக்கிறது.

காமாலை என்றாலே பத்தியம்: மோர்சாதம், கஞ்சி, முட்டை கிடையாது, கறி மீன் கிடையாது, பருப்புகூட யோசனை. சுருங்கிய கல்லீரல்காரருக்கு இது கெடுதல். அவர் கல்லீரலால் மாச்சத்தைச் சேமித்து வைக்க முடியாது. ராத்திரி பட்டினி கிடந்தால் உடம்பு தன் தசையையே கரைத்துத் தின்னும். தொடை சுருங்கி, கன்னம் ஒட்டி, கடைசியில் "உடம்பு தாங்காது" என்று டாக்டர் மருந்தையே நிறுத்துவார். புத்தித் தடுமாற்றத்துக்குப் புரதத்தை வெட்டும் பழைய வழக்கத்தையும் இன்றைய வழிகாட்டுதல்கள் கைவிட்டுவிட்டன. இப்போது சொல்வது கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம். 50 கிலோ ஆளுக்கு 60 முதல் 75 கிராம்.

முட்டை ஒன்றில் 6 கிராம். நூறு கிராம் மீனில் 20 கிராம் சுமாருக்கு. ஒரு டம்ளர் பாலில் 6, 7. காலை இட்லி சாம்பார், பதினொரு மணிக்குப் பயறுச் சுண்டல், மதியம் மீனோ முட்டையோ பருப்போ, மாலையில் பால், ராத்திரிச் சாப்பாடு, அதற்கப்புறம் பத்து மணிக்கு இன்னும் கொஞ்சம். அந்தப் பத்து மணிச் சாப்பாட்டை விடாதீர்கள், ராத்திரிப் பட்டினியை உடைப்பது அதுதான். வயிற்றில் நீர் இருப்பவருக்குக் கருவாடு, ஊறுகாய், அப்பளம் வேண்டாம். அவற்றில் உப்பு அதிகம். பூஞ்சை பிடித்த நிலக்கடலையைக் கழுவிப் பயனில்லை, தூக்கிப் போடுங்கள். அதிலுள்ள அஃப்லடாக்சின் கல்லீரல் புற்றுநோய்க்கே ஒரு காரணம்.

அப்படியென்றால் டப்பா எப்போது? வாயில் சோறே இறங்காதபோது, டாக்டரோ உணவியல் நிபுணரோ சொன்னால். கல்லீரல்காரருக்கென்று கிளைச்சங்கிலி அமினோ அமிலம் கலந்த பொடிகள் உண்டு, ஜப்பானில் நிறையப் பயன்படுத்துகிறார்கள். ஜிம் பவுடர் அதற்கு மாற்று இல்லை. கீழாநெல்லி கொடுக்கிறோம் என்றால் கொடுப்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். என் கருத்தில், புற்றுநோய் மருந்தை நிறுத்திவிட்டு அதை நம்புவது வீண்.

யாருக்கு எது

சைல்டு-பியூ 'ஏ', எண்டோஸ்கோபி சுத்தம், செலவுக்கு வழி, மதுரையிலேயே அல்லது பக்கத்தில் வீடு. இவருக்கு அட்டிசோலிசுமாப், பெவாசிசுமாப் பற்றித்தான் முதலில் கேட்பேன். எல்லாம் அப்படியே, ஆனால் நாளப் புடைப்பை அடக்க முடியவில்லை, அல்லது சமீபத்தில் ரத்தவாந்தி எடுத்தார் என்றால் டுர்வாலுமாப் ஜோடி.

மாற்றுச் சிறுநீரகமோ கல்லீரலோ பொருத்தியவர், எதிர்ப்புச் சக்தி நோய் கடுமையாக இருப்பவர், ஊசி மையத்துக்கு வர ஆளில்லாதவர், செலவு எட்டாதவர்: இவர்களுக்கு மாத்திரை. அதை இரண்டாம் தரம் என்று நினைத்துக் குறுகிப்போக வேண்டாம். பிரஷர் கட்டுக்குள் இருந்தால் லென்வாட்டினிப், இல்லையென்றால் சோரஃபெனிப் என்று பேச்சு போகும்.

'பி' என்றால் ஆய்வு ஆதாரம் மெலிது, குறைந்த அளவில் மாத்திரை தொடங்கி நிதானமாகப் பார்ப்பார்கள். 'சி' என்றால் கட்டியைத் துரத்தும் மருந்துகள் ஆளைத்தான் படுத்தும். வலி, நீர், தூக்கம் ஆகியவற்றுக்கான ஆதரவு சிகிச்சைதான் சரி. அதற்குச் செலவும் குறைவு. "எதுவும் செய்யலையேன்னு ஊர் பேசும்" என்று அந்தக் கட்டத்தில் கடன் வாங்கி ஊசி போட வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

காசு விஷயத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பம் என்றால் முதலமைச்சர் காப்பீட்டில் வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆனால் எந்த மருந்து, எந்த ஆஸ்பத்திரியில், எவ்வளவு வரை என்பதை ஆஸ்பத்திரியின் காப்பீட்டுக் கவுண்டரிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். பாலரெங்காபுரத்தில் அரசுப் புற்றுநோய் மையம் இருக்கிறது. தனியாரில் தேதி குறிக்கும் முன் அங்கே ஒரு கருத்துக் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. ஸ்கேன் படம், எண்டோஸ்கோபி ரிப்போர்ட், கடைசி ரத்தப் பரிசோதனை, இப்போது போடும் எல்லா மாத்திரை அட்டைகள், இவற்றைக் கையோடு கொண்டுபோங்கள்.

வீட்டில் மற்றவர்களுக்கு

நோயாளிக்குப் பி வைரஸ் இருந்தால் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளைகள், மனைவி எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். வைரஸ் இல்லாதவருக்குத் தடுப்பூசி. வைரஸின் மேலுறைப் புரதத்தை ஈஸ்டில் வளர்த்து எடுத்ததுதான் அந்த ஊசி. 1997-இல் ஹைதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் அதை இங்கேயே செய்யத் தொடங்கியதும் விலை சரிந்தது. தைவானில் 1984-இல் குழந்தைகளுக்குப் போட ஆரம்பித்து, பின்னால் குழந்தைகளின் கல்லீரல் புற்றுநோயே குறைந்ததைக் கணக்கெடுத்துக் காட்டினார்கள். பரிசோதனையில் வைரஸ் இருப்பது தெரிந்தவருக்குத் தடுப்பூசி பயன்படாது. அவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்க்க வேண்டுமா என்று கல்லீரல் டாக்டரிடம் கேட்க வேண்டும். பிறந்த குழந்தைக்கு முதல் ஊசி 24 மணி நேரத்துக்குள், அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.